மேடை வேண்டாம், நான்கு நாற்காலி போதும்: ஆசிரியர் கேள்வி – பதில்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகச் சொல்லித்தரும் ஆசிரியர்களின் கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். பாதிக் கேள்விகள் வகுப்பறை விவாதம் பற்றியவை, மீதி மனநலச் செயல்பாடுகள் பற்றியவை. படித்துப் பார்த்தால் இரண்டு கூட்டமும் ஒரே பிள்ளையைப் பற்றித்தான் கேட்கிறது: எழுந்து நின்றதும் வார்த்தை வராத பிள்ளை. அதனால் தனித்தனியாகப் பிரிக்கவில்லை.

என் ஏழாம் வகுப்பில் 36 பேர். விவாதம் வைத்தால் ஆங்கிலம் சரளமாக வரும் ஆறு பேர் பேசுகிறார்கள், மீதி 30 பேர் கைதட்டுகிறார்கள். எல்லோரையும் பேச வைக்க முடியுமா?

மேடையை எடுத்துவிட்டால் முடியும். இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் ஒரு தலைவர் என்பதெல்லாம் போட்டிக்கான அமைப்பு. ஆளுக்கு நான்கு நிமிடம் பேசினாலே ஆறு பேருக்கு 24 நிமிடம் போய்விடும். மொழி படிக்கிற வகுப்புக்கு அது கட்டுப்படியாகாது.

36 பேரையும் நான்கு நான்கு பேராக ஒன்பது குழுக்களாக்குங்கள். ஒவ்வொரு குழுவிலும் இருவர் ஆதரவு, இருவர் எதிர்ப்பு. ஒன்பது குழுவும் ஒரே நேரத்தில் பேச வேண்டும். முதல் சுற்றில் ஆளுக்கு 45 விநாடி, மொத்தம் 3 நிமிடம். பிறகு 1 நிமிடம் ஜோடிக்குள் கலந்து பேசலாம். அடுத்து மறுப்புச் சுற்று, ஆளுக்கு 30 விநாடி, அது 2 நிமிடம். ஆக ஒரு விவாதம் 6 நிமிடத்தில் முடிகிறது. உடனே எதிர்ப்பு ஜோடிகளை மட்டும் அடுத்த குழுவுக்கு நகர்த்தி, அதே தலைப்பில் அதே விவாதத்தை இன்னொரு முறை நடத்துங்கள்.

இந்த இரண்டாவது தடவைதான் முக்கியம். சொல்ல வேண்டியது ஏற்கெனவே வாயில் இருப்பதால், மூளை சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டுச் சொல்லும் விதத்தைக் கவனிக்கிறது. ஒரே பேச்சை வெவ்வேறு ஆளிடம் 4, 3, 2 நிமிடங்கள் என்று சுருக்கிச் சுருக்கிச் சொல்ல வைக்கும் ‘4/3/2’ பயிற்சி ஒன்று உண்டு. மொழி கற்பித்தல் ஆய்வாளர் பால் நேஷன் எழுதிப் பரவலானது. நடுநிலைப் பிள்ளைகளுக்கு அந்த நிமிடக் கணக்கு அதிகம். 45 விநாடியே போதும், திரும்பச் சொல்வதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

40 நிமிட பீரியடில் கணக்கு இப்படி வரும்: வாக்கிய வடிவங்களை நினைவுபடுத்த 5, குறிப்பெடுக்க 5, இரண்டு விவாதங்களும் இடையில் இடம் மாறுவதும் 14, பிழை பார்க்க 8, கடைசியில் ஒரு சீட்டு எழுத 4. மீதி 4 நிமிடம் பெஞ்சை நகர்த்துவதிலேயே போகும். ஒருவர் வராவிட்டால் அந்தக் குழு மூவராக நிற்க வேண்டாம். மீதி மூவரையும் மற்ற குழுக்களுக்குப் பிரித்து அனுப்பி, ஐந்தாவது ஆளாக நேரம் பார்க்கவோ குறிப்பெடுக்கவோ வையுங்கள், இரண்டாம் சுற்றில் ஒருவரோடு இடம் மாறிப் பேசட்டும். தலைப்பு, சொற்கள், காரணம் தேடல் எல்லாம் அதற்கு முந்தைய பீரியடிலேயே முடிந்திருக்க வேண்டும். ஒரே பீரியடில் இரண்டையும் அடைத்தால் பேச்சு நடக்கும், அதில் ஆங்கிலம்தான் இருக்காது.

எந்தத் தலைப்பு சரிப்படும்? ‘கைபேசி நன்மையா தீமையா’ போன்றவை அலுத்துவிட்டன.

அலுப்பு ஒரு பக்கம். அந்தத் தலைப்பின் உண்மையான கோளாறு, அதில் யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை என்பது. இரண்டு பக்கமும் பட்டியல் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடலாம். செய்யலாமா கூடாதா என்று கேட்கும் தலைப்பைப் பிடியுங்கள்: ‘வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே வீட்டுப்பாடம் தர வேண்டும்’, ‘வகுப்பில் இருக்கும் இடத்தை மாணவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும்’. ஆங்கிலத்தில் எழுதினால் பத்துச் சொல்லைத் தாண்டக் கூடாது.

தலைப்பை ஏற்கும் முன் ஒரு சோதனை. இரண்டு நிமிடம் கொடுத்து, தாய்மொழியிலேயே இரு பக்கத்துக்கும் மூன்று மூன்று காரணம் சொல்லச் சொல்லுங்கள். ஒரு பக்கம் வறண்டால் அந்தத் தலைப்பைத் தூக்கிப் போடலாம். தாய்மொழியில் வராத காரணம் ஆங்கிலத்தில் வந்துவிடாது.

இன்னொன்று: தலைப்புதான் இலக்கணத்தையும் தீர்மானிக்கிறது. ‘ஷுட்’ போட்ட தலைப்பு ‘ஷுட், மஸ்ட், கேன்’ பேச வைக்கும். ‘நகரமா கிராமமா’ என்றால் ‘பெட்டர் தேன், மோர் தேன்’ வரும். அந்த மாதப் பாடத்தில் என்ன இலக்கணமோ அதற்கேற்பத் தலைப்பு எடுத்தால் விவாதத்துக்கென்று தனி நேரம் ஒதுக்கத் தேவையில்லை.

பிள்ளைகளின் வீட்டு நிலைமை, உடல்வாகு, நிறம், மதம், பெற்றோரின் வருமானம் இவற்றைத் தொடும் தலைப்பு கூடவே கூடாது. ‘டியூஷன் தேவையா’ என்பது பார்க்கச் சாதுவாக இருக்கும்; பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை அந்த 40 நிமிடமும் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும்.

எழுதி வந்ததை அப்படியே வாசிக்கிறார்கள். எழுதாதே என்றால் ஒரு வார்த்தை வருவதில்லை. தயாரிக்கும்போது தாய்மொழியில் பேச விடலாமா?

விடலாம். முதல் 3 நிமிடம் தாய்மொழியில் யோசிக்கட்டும், அதற்குப் பிறகு ஆங்கிலம் மட்டும். இந்த எல்லையைப் போர்டில் நேரத்தோடு எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் 3 நிமிடம் 13 ஆகும்.

வாசிப்பதைத் தடுக்க, எழுதும் தாளைச் சிறிதாக்குவதுதான் வழி. உள்ளங்கை அளவு அட்டை ஒன்று, அதில் ஐந்து சொல்லுக்கு மேல் கூடாது. வாக்கியமாக எழுதக் கூடாது, ஒற்றைச் சொற்கள் மட்டும். ‘ஹோம்வொர்க், டயர்ட், ஸ்லீப், ப்ளே’ என்று எழுதிய அட்டையை யாராலும் வாசிக்க முடியாது, பேசித்தான் ஆக வேண்டும்.

ஆனால் அட்டையைச் சுருக்கும் முன் வாக்கியத்தின் எலும்புக்கூட்டைக் கையில் கொடுத்திருக்க வேண்டும். போர்டில் எப்போதும் ஆறு இருந்தால் போதும். கருத்துச் சொல்ல ‘ஐ திங்க்... பிகாஸ்...’. எடுத்துக்காட்டுக்கு ‘ஃபார் எக்ஸாம்பிள்...’. ஒத்துக்கொள்ள ‘தட்ஸ் ட்ரூ, பட்...’. மறுக்க ‘யூ செட்... பட்...’. நேரம் வாங்க ‘லெட் மீ திங்க்’. புரியாதபோது ‘கேன் யூ ஸே தட் அகெய்ன்?’. கடைசி இரண்டையும் பல ஆசிரியர்கள் விட்டுவிடுகிறார்கள். திணறுகிற பிள்ளை மௌனமாகாமல் காப்பாற்றுவது அந்த இரண்டும்தான். இருபது வாக்கியம் அச்சடித்துக் கொடுப்பது வீண். பேசும் நேரத்தில் தாளில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எதிரணி என்ன சொன்னது என்பதே காதில் விழுவதில்லை. மறுப்புச் சுற்றிலும் தன் பேச்சையே திரும்பச் சொல்கிறார்கள்.

மறுப்பதற்கு முன் எதிராளியின் காரணத்தைச் சொல்லிக் காட்ட வேண்டும், எதிராளி தலையசைத்த பிறகுதான் தொடரலாம் என்று விதி போடுங்கள். தலையசைக்காவிட்டால் திரும்பக் கேட்க வேண்டும். இந்த ஒரு விதி காதைத் திறந்துவிடும், ஏனென்றால் கேட்காமல் இருந்தால் தன் முறையே தொடங்காது.

நல்ல மறுப்பு நீளமாக இருக்க வேண்டியதில்லை. வீட்டுப்பாடம் வேண்டும் என்று பேசியவர் ‘ஹோம்வொர்க் ஹெல்ப்ஸ் அஸ் ரிமெம்பர்’ என்றார் என்று வையுங்கள். எதிரணிப் பிள்ளை: ‘யூ செட் ஹோம்வொர்க் ஹெல்ப்ஸ் அஸ் ரிமெம்பர்.’ தலையசைப்பு. ‘பட் மெனி ஸ்டூடன்ட்ஸ் காபி இட். ஸோ தே டோன்ட் ரிமெம்பர்.’ மூன்றே வாக்கியம். எதிராளியின் காரணம், அதில் உள்ள ஓட்டை, அதனால் என்ன என்ற மூன்றும் வந்துவிட்டன. ஆறாம் வகுப்புக்கு இதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எதிராளியின் காரணம் ‘நினைவில் நிற்கும்’ என்றிருக்க, மறுப்பு ‘எங்களுக்கு விளையாட நேரம் இல்லை’ என்று வரும். அது மறுப்பு இல்லை, புதிய காரணம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்ட, சிவப்புச் சாக்பீஸால் எதிராளியின் காரணத்திலிருந்து மறுப்புக்கு ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் இணைக்கும் சொல் ஒன்றாவது இருந்தால்தான் கோடு. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் அது ‘ரிமெம்பர்’.

ஒரு பையன் ஆண்டு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். பயமா, பிடிவாதமா? மூச்சுப் பயிற்சி கொடுத்துப் பார்க்கலாமா?

மூச்சுப் பயிற்சி கொடுக்கும் முன் வாக்கியத்தையும் நேரத்தையும் கொடுத்துப் பாருங்கள். பயம் என்று நாம் பெயர் வைப்பதில் பெரும்பகுதி, சொல்ல வேண்டியது நாக்கில் தயாராக இல்லாத நிலைதான்.

முதலில் உங்கள் பக்கம். கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக 1 விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாமல் விடுவது குறைந்தது. அது இரண்டாம் மொழி வகுப்புகளுக்கென்று செய்த ஆய்வு அல்ல. இரண்டாம் மொழியில் பேசுகிறவருக்கு 5 விநாடியாவது கொடுங்கள், மனதுக்குள் எண்ணுங்கள்.

அடுத்து, எதற்குப் பயம் என்று பார்க்க வேண்டும். 1986-இல் மொழிக் கல்வி ஆய்வாளர் எலைன் ஹார்விட்ஸும் வேறு இருவரும் சேர்ந்து மொழி வகுப்புப் பதற்றத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலைத் தந்தார்கள். பேசுவதில் உள்ள தயக்கம், தேர்வுப் பயம், மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் என்ற மூன்றோடு அவர்கள் அந்தப் பதற்றத்தைத் தொடர்புபடுத்தினார்கள். எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்யும் பையனுக்குத் தேர்வுப் பயம் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. பெரும்பாலும் மூன்றாவதுதான்.

அதற்கு மருந்து படிப்படியான பங்கு. முதல் விவாதத்தில் நேரம் பார்ப்பவர், ‘தர்ட்டி செகண்ட்ஸ் லெஃப்ட்’ என்று மட்டும் சொன்னால் போதும். இரண்டாவதில் ஜோடி எழுதிய ஒரு வாக்கியத்தை வாசிப்பவர். மூன்றாவதில் ‘தட்ஸ் ட்ரூ, பட்...’ என்று தொடங்கி ஒரே வாக்கியம். நான்காவதில் 30 விநாடி. எப்போது தன் முறை வரும் என்பது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று பெயர் சொல்லி எழுப்புவது இவர்களிடம் எடுபடாது. இதில் ஆபத்து, அந்தப் பையன் நிரந்தர டைம் கீப்பர் ஆகிவிடுவது. நேரம் நன்றாகப் பார்க்கிறான் என்று நாமும் விட்டுவிடுவோம். யார் எந்தப் படியில் என்று நோட்டில் எழுதி வைத்தால் அது நடக்காது.

வகுப்பில் எந்த மொழியிலும் பேசாமல், வீட்டில் மட்டும் சரளமாகப் பேசும் பிள்ளை என்றால் விஷயம் வேறு. அது ஆங்கிலப் பிரச்சினை இல்லை. பெற்றோரிடமும் கவுன்சலரிடமும் பேச வேண்டும்.

விவாதத்துக்கு முன் கண்ணை மூடி மூச்சு விடச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள்.

பன்னிரண்டு வயதில் நண்பர்கள் நடுவே கண்ணை மூடுவது சங்கடம்தான், சிரிக்கத்தான் செய்வார்கள். சில பிள்ளைகளுக்குக் கண் மூடுவது அச்சத்தையும் தரும். கண்ணை மூடச் சொல்லாதீர்கள், மேஜையில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். மூக்கால் 4 எண்ணும் வரை உள்ளே, 6 எண்ணும் வரை வெளியே. நான்கு முறை செய்தால் 40 விநாடிக்குள் முடியும். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்று மெதுவாகும்; அதனால்தான் வெளிமூச்சு நீளம். மூச்சை அடக்கிப் பிடிக்கும் வகைகளை வகுப்பில் தவிர்க்கலாம். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒத்துவராது. ‘ஆழமாக, ஆழமாக’ என்று ஊக்கினால் வேகமாக இழுத்துத் தலை சுற்றும். மெதுவாக என்றே சொல்லுங்கள்.

எண்ணிக்கையை ஆங்கிலத்தில் ஒரு மாணவரே சொல்லட்டும். முறை வைத்துச் சொன்னால் அதுவே பேச்சுப் பயிற்சி. விரும்பாதவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கட்டாயம் போனால் சிரிப்பும் பெரும்பாலும் போய்விடும்.

மனநிலை பற்றி எழுதச் சொன்னால் ‘ஐ ஆம் ஹாப்பி’ தவிர எதுவும் வருவதில்லை. ஒரு நாள் மட்டும் ஒரு மாணவி வீட்டில் அடி வாங்குவதாக எழுதியிருந்தாள். எப்படிக் கையாள்வது?

இரண்டாவதை முதலில் சொல்கிறோம். அன்றே, தனியாக, கதவு திறந்திருக்கும் இடத்தில் பேசுங்கள். ‘எழுதியதைப் படித்தேன், சொன்னது நல்லது’ என்று தாய்மொழியில் சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்க வேண்டாம், விசாரிப்பது உங்கள் வேலையில்லை. ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்ற வாக்குறுதி தராதீர்கள். உதவி செய்யக் கூடியவரிடம் சொல்லியாக வேண்டும் என்பதை அவளிடமே சொல்லிவிட்டு, பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம், அப்படி ஒருவர் இல்லையென்றால் தலைமை ஆசிரியரிடம், அன்றே சேர்த்துவிடுங்கள். அவள் எழுதிய சொற்களை மாற்றாமல், தேதியோடு குறித்து வையுங்கள். வீட்டுக்கு நீங்களாகப் போன் செய்வது நிலைமையை மோசமாக்கலாம். அந்தச் சீட்டில் எழுத்துப்பிழையைத் திருத்திவிடாதீர்கள். வேகத்தில் கை போய்விடும்.

இனி எழுதச் சொல்லும் முன் வகுப்புக்கு மூன்று விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: சீட்டை நான் மட்டும் படிப்பேன், யாரையும் சத்தமாக வாசிக்கச் சொல்ல மாட்டேன், யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் பெரியவர்களிடம் சொல்வேன்.

முதல் பகுதிக்கு வருவோம். ‘ஹாப்பி’யைத் தவிர எதுவும் வராததற்குப் பெரும்பாலும் சொல் போதாமைதான் காரணம். மாதம் ஆறு சொல் சேருங்கள்: காம், டயர்ட், நெர்வஸ், போர்ட், அனாய்ட், ப்ரௌட். ‘ஐ ஃபீல் நெர்வஸ் பிகாஸ்...’ என்று ஒரே வாக்கியம். ‘ஐ ஆம் போரிங்’ என்று எழுதுவார்கள். அதைச் சீட்டில் தொடாமல் வேறொரு நாள் போர்டில் பொதுவாகச் சொல்லிக்கொடுங்கள். ‘டுடே ஐ பாஸ்’ என்று எழுதிக் கொடுத்தாலும் சரிதான்.

நன்றி சொல்லும் பட்டியல் தினம் எழுதினால் ஒரு வாரத்தில் ‘அம்மா, அப்பா, நண்பன்’ என்று இயந்திரமாகிவிடும். வாரம் ஒரு முறை, ‘இந்த வாரம் யார் உனக்கு என்ன செய்தார்’ என்று குறிப்பாகக் கேளுங்கள். இறந்தகால வினையும் பழகிவிடும்.

தோற்ற அணி அழுகிறது. விவாதம் முடிந்து மைதானத்திலும் சண்டை தொடர்கிறது.

வெற்றி தோல்வியை எடுத்துவிடலாம். டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் என்ற அமெரிக்கக் கல்வியாளர்கள் வகுத்த முறையில், நான்கு பேர் குழுவின் இரு ஜோடிகளும் முதலில் தங்கள் பக்கம் பேசுவார்கள், பிறகு பக்கம் மாறிப் பேசுவார்கள், கடைசியில் இரு பக்கத்தையும் கைவிட்டு நால்வரும் சேர்ந்து ஒரு பொது முடிவை எழுதுவார்கள். எட்டாம் வகுப்புக்கு அருமையாகப் பொருந்தும். சிறியவர்களுக்கு அந்த முழுச் சுற்று நீளம். கடைசி ஒரு நிமிடத்தில் எதிரணி சொன்ன நல்ல காரணம் ஒன்றை ஒவ்வொருவரும் சொன்னாலே சூடு தணியும்.

போட்டி வேண்டும் என்று பிள்ளைகளே கேட்டால், விவாதத்துக்கு முன்னும் பின்னும் ரகசிய வாக்கெடுங்கள். எந்தப் பக்கம் கூடுதல் பேர் மாறினார்களோ அந்தப் பக்கத்துக்கு வெற்றி. பக்கத்தைச் சீட்டுக் குலுக்கி மட்டுமே கொடுங்கள். சொந்தக் கருத்தைப் பேசித் தோற்றால்தான் வலி அதிகம். ‘யூ ஆர் ராங்’ தடை. ‘தட் பாயின்ட் இஸ் நாட் ஸ்ட்ராங்’ அனுமதி.

பேசும்போது வரும் பிழைகளை எப்போது திருத்துவது?

பேசும்போது வேண்டாம். குழுக்களுக்கு நடுவே நோட்டோடு நடந்து, ஐந்து வாக்கியம் குறித்துக்கொள்ளுங்கள்: மூன்று பிழையானவை, இரண்டு நல்லவை. பெயர் போடாமல், கலந்து போர்டில் எழுதி, எது எது என்று வகுப்பே கண்டுபிடிக்கட்டும். ‘ஐ ஆம் அக்ரீ’, ‘வீ டிஸ்கஸ்ட் அபௌட்’ இரண்டும் நிச்சயம் வரும். பேச்சு புரியாமலே போகும் இடத்தில் மட்டும் அங்கேயே சரியான சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுக்கலாம்.

மதிப்பெண் போட வேண்டுமா?

விவாதத்துக்குப் போடலாம்: காரணம், எடுத்துக்காட்டு, எதிராளியைக் கேட்டது, புரியும்படி பேசியது என நான்குக்கும் தலா 3, மொத்தம் 12. இலக்கணத்துக்குத் தனி மதிப்பெண் வேண்டாம், அது எழுத்துத் தேர்வில் இருக்கிறது. ஒரு பீரியடில் மூன்று குழுவுக்கு மேல் மதிப்பிட முயலாதீர்கள். மனநிலைச் சீட்டுக்கு மதிப்பெண் கூடவே கூடாது.

ஒன்பது குழுவும் ஒன்றாகப் பேசினால் பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்துவிடுகிறார். என்ன செய்ய?

தேர்வுக் காலத்தில் எழுத்து விவாதத்துக்கு மாறிவிடுங்கள். நான்கு பேருக்கு ஒரு பெரிய தாள், ஆளுக்கு ஒரு நிறப் பேனா. நடுவில் தலைப்பு. 3 நிமிடம் எல்லோரும் தங்கள் பக்கக் காரணத்தை எழுதுகிறார்கள்; தாளைச் சுழற்றி, அடுத்தவர் எழுதியதற்கு 2 நிமிடத்தில் கோடு இழுத்து மறுப்பு எழுதுகிறார்கள். இப்படி மூன்று சுழற்சி. பேச்சு முழுத் தடை. நிறத்தை வைத்து யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்த்ததும் தெரியும். வழக்கமாக மௌனமாக இருப்பவரின் நிறம்தான் பல தாள்களில் அதிகம் இருக்கும். அடுத்த பேச்சு விவாதத்தில் அந்த வாக்கியங்களையே அவர் கையில் கொடுத்துப் பேசச் சொல்லலாம்.